இல்லத் தூய்மையும் ஏதம் நீக்கலும்

(நம் சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது போலத் தோன்றும். வீட்டைக் கூட்டித் துலக்கி வைத்தல் பெண்டிர் கடன். அதனைக் குறித்துத் தமிழ் கற்பிப்போர் சொல்ல யாதுளது என ஆடவருட் சிலர் கருதவுங் கூடும். அவர்கள் செவிக்கென்றே யாம் இதனைக் கொணர்ந்தோம்.

துடைப்பத்திற்கு விளக்குமாறு என்றொரு பெயர் உண்டு. விளக்குதல் என்பதற்குத் தூய்மை செய்தலும் பொருள். ஒளிபெறச் செய்தலும் பொருள். நம் வீடுகளிலோ விருந்தினர் அமரும் முன்கூடம் ஒளிபெற்றிருக்க, ஏதம் விளைக்கும் பொருள்களெல்லாம் பிறர் புகாத அடுக்களையிலும் குளியலறையிலும் மறைந்து கிடக்கின்றன.

கழிப்பறை கழுவும் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அதனைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி மூலையில் வைத்திருக்கும் வீடுகள் பல. மூன்று வயதுக் குழந்தைக்குப் புட்டி என்றால் பருகுவதற்குரியது, அவ்வளவே. மண்ணெண்ணெயும் சாயங் கரைக்கும் தின்னரும் இவ்வாறே. இவற்றை வாங்கிய கலத்திலேயே வைத்து, உயர்ந்த அலமாரியிற் பூட்டுதல் வேண்டும். தவறிக் குடித்துவிட்ட குழந்தையை வாந்தி எடுக்கச் செய்தல் ஆகாது. மண்ணெண்ணெய் மீளுங்கால் நுரையீரலிற் புகும். அமிலம் உணவுக்குழாயை இரண்டாம் முறையுஞ் சுடும். புட்டியையும் உடன்கொண்டு மருத்துவமனைக்கு விரைதலே முறையாம். ஊர்தி வேண்டின் 108 என்னும் எண்ணை அழைக்க.

இரண்டு பொருள் சேரின் இரட்டிப்புத் தூய்மை என்றெண்ணி, அவ்வமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருங்கே கொட்டுவாரும் உளர். அவை கூடியவிடத்துக் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜிய நாட்டு ஈப்பர் நகரையடுத்த போர்க்களத்தில் ஜெர்மானியப் படை ஏவியது இக்காற்றையே. போர்க்கருவியைக் கதவடைத்த சிற்றறையில் நாமே ஆக்கிக்கொண்டு, பின்னர் இருமலுக்குக் கஷாயம் தேடுதல் என்ன பேதைமை!

தெளிந்த நீரும் நம்பற்பாலதன்று. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நாம் சேமித்து வைத்த நல்ல நீரையே நாடி முட்டையிடும். முட்டை கொசுவாதற்கு ஏழு முதற் பத்து நாள் போதும். அம்முட்டைகள் கலத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் பல மாதம் கெடாதிருப்பன. ஆதலின் பழைய நீரைக் கொட்டினால் மட்டும் போதாது; வாரம் ஒருமுறை உட்புறத்தை நாரால் நன்கு தேய்த்துக் கழுவி, இறுக மூடி வைக்க. அம்மூடி தவழுங் குழந்தைக்குங் காவலாகும். வாளியிற் சிறிதளவு நீர் இருப்பினும் தலைகீழாய் விழுந்த குழந்தை மூழ்கிவிடும்.

இனி அடுக்களை. சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு பரந்து நிற்கும். இயல்பில் மணமற்ற அதற்குத் தீநாற்றம் ஊட்டியிருப்பது நம்மை எச்சரித்தற்கே. நாற்றம் வருங்கால் விளக்கின் விசையைப் போடவும் ஆகாது, அணைக்கவும் ஆகாது. சிறு பொறியே போதும். கதவு சன்னல்களைத் திறந்து, உருளையின் ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்தபின் 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க. கொதிநீரோ எண்ணெயோ பட்டுச் சுட்ட இடத்தில் மையும் பற்பசையும் அப்புதல் வேண்டா. குழாய்நீர் இருபது நிமிடம் அதன்மேல் ஓடட்டும்.

விபத்து நேர்ந்தபின், 'கவனமில்லாதவள்' என்று இல்லாளைப் பழித்தல் நம்மவரிடை வழக்கமாய்விட்டது. அமிலத்தைப் புட்டியில் வாங்கி வந்தவர் யார்? 30 மில்லியாம்பியர் கசிந்த அளவிலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி கடையில் விற்கவும், வேண்டா என்று செலவைக் குறைத்தவர் யார்? மணப்பந்தலின் ஒருநாள் அலங்காரத்திற்குப் பணத்தை வாரி இறைக்கும் நாம், முதிய தாயார் வழுக்கி விழாதிருக்கக் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பதிக்கப் பன்முறை எண்ணுகின்றோம். இடுப்பெலும்பு முறிந்த முதியோருட் பலர் பின் பழையபடி நடப்பதேயில்லை. காசு ஆடவர் கையிலும் பழி பெண்டிர் தலையிலுமாக இருத்தல் நீதியன்று.

முடிவாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். எரிவாயு அடுப்பின் ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கொருமுறை மாற்றல் வேண்டும். அதன்மேல் ஆண்டு பொறித்திருக்கும். நம் இளைஞர் நால்வர், தனித்து வாழும் முதியோர் இல்லங்களுக்குச் சென்று அவ்வாண்டைப் பார்த்து வருவாராக. காலங் கடந்தவற்றுக்குப் புதுக்குழாய் வாங்குஞ் செலவைச் சங்க நிதியினின்று அளிக்கத் தலைவர் அவர்கள் இசையுமாறு வேண்டுகின்றோம்.