வாடகை வீட்டு வெக்கை
(காஞ்சிபுரம் தெருக்கூட்டத்தில் பேசியது)

தோழர்களே! பிள்ளையார்பாளையத்துப் பழைய வாடகை வீடுகளில் சித்திரை வெயில் கூரை வழியாகவே இறங்குகிறது. தறிக்குழியில் கால் விட்டவர் எழுந்து நிழலுக்கு ஓட முடியுமா? விசிறியை நேரே வைத்தால் பட்டு இழை அலைகிறது.

ஆலைத் தோழர்களுக்குத் தெரியும்: நூற்பாலையில் ஈரக்காற்று விடுகிறார்கள். நூல் அறாமலிருக்கத்தான், நமக்கு வியர்க்கிறதே என்றல்ல!

தவணையில் ஏ.சி. வாங்கலாமா என்கிறார்கள். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். இரவில் 8 மணி நேரம் ஓடினால் இரு மாதத்தில் 480 யூனிட். கைத்தறிக்கு 2023 முதல் கிடைக்கும் இலவச மின்சாரமோ இரு மாதத்துக்கு 300 யூனிட்தான். ஓட்டு இடுக்கில் குளிர் போய்விடும். பில் மட்டும் தங்கும். ஏர்கூலர் வறண்ட காற்றில்தான் குளிர்விக்கும். நம் புழுக்கத்தில் உதவாது.

முதலில் கூரையைப் பார்ப்போம். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிவிடும். பிறகு விசிறி: பழையது 75 வாட், புதிய பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்.

காசு யார் கொடுப்பது? 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி கட்டடப் பழுதும் சுவர் வெள்ளையடிப்பும் மின்கம்பி மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். தனியாகப் போனால் ‘காலி பண்ணு’ என்பார். வரும் மாசிக்குள் தெருவாகத் திரண்டு போய்க் கேட்போம்.