ரீஃபர்பிஷ்டு கேமராவுக்கு வானமே சோதனை
(நம் சங்கத்தின் அமிர்தி சுற்றுலாவில் ஆற்றிய உரை)

காலையிலிருந்து பார்க்கிறேன், இங்கே பல கழுத்துகளில் கேமரா தொங்குகிறது. அதில் சில ரீஃபர்பிஷ்டு என்று கேள்விப்பட்டேன். குறைந்த விலைக்கு நல்ல கேமரா, வாங்க வேண்டியதுதான். ஆனால் பார்சல் வந்ததும் என்ன செய்கிறோம்? வீட்டுக்குள் பிள்ளைகளை நிறுத்தி நாலு படம். பளிச்சென்று வந்ததும் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

அந்தச் சோதனைக்கு மாட்டாத குறை ஒன்று உண்டு. 2012 செப்டம்பரில் நிக்கான் டி600 வந்தது, அருமையான கேமரா. வாங்கியவர்கள் வானத்தைப் படம் எடுத்தபோது, பெரும்பாலும் இடது மேல் மூலையில், சாம்பல் புள்ளிகள் தெரிந்தன. சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் தூசியும் எண்ணெய்த் துளியும்! துடைத்த பிறகும் பலருக்குத் திரும்ப வந்தன. 2013 அக்டோபரில் புது ஷட்டரோடு டி610 வந்தது. 2014 பிப்ரவரியில்தான், வாரண்டி முடிந்திருந்தாலும் டி600-இன் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது. அடுத்த மாதம் ஷாங்காய் அதிகாரிகள் விற்பனையையே நிறுத்தச் சொன்னார்கள். புது கேமராவுக்கே இந்தக் கதை. கை மாறி வந்ததை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் வீட்டுக்குள் தெரிவதில்லை? டியூப்லைட்டுக்குக் கீழே கையை நீட்டுங்கள், நிழல் மங்கலாக விழும். டார்ச் வெளிச்சத்தில் கூர்மையாக விழும். லென்ஸின் திறப்பு பெரிதாக இருந்தால் தூசியின் நிழல் கரைந்துவிடும். சிறிதாக்கினால் புள்ளியாக நிற்கும். அமிர்திக் காட்டிலும் கண்டுபிடிக்க முடியாது, இலைகளுக்குள் புள்ளி ஒளிந்துகொள்ளும்.

அதனால் மொட்டை மாடிக்குப் போங்கள். அப்பர்ச்சரை 16-க்கு வையுங்கள், ஐஎஸ்ஓ 100. ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, சூரியன் இல்லாத பக்கத்து வானத்தை இரண்டு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் புள்ளியா? வேறு லென்ஸ் மாட்டினாலும் அப்படியேவா? அப்படியானால் அது சென்சார் பக்கம். வெறும் தூசி என்றால் பயப்பட வேண்டாம், சர்வீஸ் சென்டரில் சுத்தம் செய்துவிடுவார்கள். சுத்தம் செய்த பிறகு இருநூறு, முந்நூறு படத்துக்குள் மறுபடி வந்தால், குறை உள்ளே இருக்கிறது.

இதை வாங்கிய அன்றே செய்யுங்கள். திருப்பித் தரக் கொடுக்கும் நாட்கள் கொஞ்சம்தான். கல்யாண ஆல்பம் வந்த பிறகு புள்ளியைக் கண்டுபிடித்து என்ன பயன்? பில், பெட்டி, அந்த வானப் படம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

“பழைய பொருள்தானே சார்” என்று விற்றவர் கையை விரித்தால் ஒதுங்கிவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதென்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது.