ரூட்டு தல

வில்லியம் கோல்டிங் என்ற இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் 1954-இல் ஒரு நாவல் எழுதினார். பெயர் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்'. விமானம் விழுந்து, பெரியவர் ஒருவர்கூட இல்லாத தீவில் சிறுவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ரால்ஃப் தலைவனாகிறான். கப்பல்காரர் கண்ணில் பட, தீயை அணையாமல் காக்க வேண்டும் என்கிறான். ஜாக்குக்கோ பன்றி வேட்டைதான் பெரிது. கறி கிடைக்கும், முகத்தில் வண்ணம் பூசிக் கூச்சல் போடலாம். கூட்டம் ஜாக் பக்கம் சாய்கிறது. கூடவே இருந்த இரண்டு பையன்களைக் கொன்றும்விடுகிறது.

திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில் இந்தக் கதையைச் சொன்னால் தீவு எதற்கு, திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலைப் பாருங்கள் என்பார்கள். கும்மிடிப்பூண்டித் தடத்திலும் இதே பேச்சுதான். கல்லூரிக்குக் கல்லூரி, தடத்துக்குத் தடம் ஒரு 'ரூட்டு தல', அதாவது அந்தத் தடத்து மாணவர் கூட்டத்தின் தலைவன். அவன் கண் காட்டினால் கானா, பெட்டியைத் தட்டித் தாளம். இதை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பையனுக்குப் பட்டணத்தில் வேறு யார் துணை?

ஆனால் எதிர்க் கல்லூரிக்காரன் ஏறினால் அந்தத் தல என்ன செய்கிறான்? 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பேருந்தில் வந்த மாணவர்களுக்குள் அரிவாள் வெட்டு. 2024 அக்டோபரில் திருத்தணிப் பக்கத்துக்காரரான மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரை, வேறொரு கல்லூரி மாணவர்கள் சென்ட்ரலில் தாக்கினார்கள். சில நாளில் மருத்துவமனையில் அவர் உயிர் போனது.

பையன்கள் என்றாலே இப்படித்தான் என்று முடித்துவிட முடியாது. 1965-இல் டோங்கா நாட்டுப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் படகோடு திசை தப்பி, ஆளில்லாத ஆட்டா தீவில் ஒதுங்கினார்கள். 15 மாதம் அங்கே இருந்தார்கள். சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய், கோபம் ஆறித்தான் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தது. மற்றவர்கள் குச்சி வைத்துக் கட்டி, அவன் வேலையையும் பார்த்தார்கள். மூட்டிய தீயை அணையவிடவே இல்லை. 1966 செப்டம்பரில் ஆஸ்திரேலியரான பீட்டர் வார்னர் மீட்டபோது ஆறு பேரும் நலமாக இருந்தார்கள்.

அங்கே தலைமைக்கு வேலை இருந்தது. நம் ரூட்டு தலக்குச் சண்டையைத் தவிர நாம் வைத்திருக்கும் வேலை என்ன? பெரியவர்கள் இல்லாத தீவும் இல்லை இது. காக்களூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்டு முடித்த அப்பாக்கள், சித்தப்பாக்கள் அதே ரயிலில்தான் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கத்தியைக் கண்டால் 139-க்கு உடனே சொல்லுங்கள். கானா பாடும்போதே, "எந்தக் காலேஜ் தம்பி, என்ன படிக்கிறே?" என்று பேச்சுக் கொடுத்து வையுங்கள்.