துறைமுகத்தை உருண்டையாக்கிய பிள்ளைகள்
(தோட்டத்து இளைஞர் கூட்டத்தில் பேசியது)



திருகோணமலைக்குப் போய்வந்த பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கோணேஸ்வரரைக் கும்பிட்டதும், பிரட்றிக் கோட்டையில் மான் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். நாங்கள் பேச வந்தது பிள்ளைகள் போனில் எடுத்த படங்களைப் பற்றி.

உட்துறைமுகக் கரையில் நின்றால் தண்ணீரைச் சுற்றி கரையும் குன்றும் வளைந்து கிடக்கும். அந்தப் பக்கம் சீனக்குடா. நம்ம ரொட்டிக்கு வருகிற பிரிமா கோதுமை மா அரைக்கிற ஆலை அங்கேதான் இருக்கிறது. இவ்வளவும் ஒரு படத்தில் அடங்குமா? அதற்குத்தான் 'பனோரமா'. இந்த ஆசை பழசு. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், சுற்றிவரத் தெரிகிற வட்ட ஓவியத்துக்கு 1787இலேயே காப்புரிமை வாங்கினார்.

போன் செய்கிற வேலை தையல் வேலைதான். நாம் திரும்பத் திரும்ப அடுத்தடுத்துப் பல படம் பிடித்து, ஒன்றில் உள்ளது மற்றதில் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒட்டுகிறது. நடுவில் ஆள் அசைந்தால் தையல் பிசகும். ஓடிய பையன் ஒருவனுக்கு மூன்று கால் வந்ததைப் பார்த்துச் சிரித்தோம். நின்ற இடத்திலேயே, போனை மட்டமாகப் பிடித்து, மெதுவாகத் திரும்ப வேணும். இன்னொன்று, அது கடற்படையும் இராணுவமும் இருக்கிற ஊர். படம் எடுக்கக் கூடாதென்று பலகை இருந்தால் போன் பைக்குள் போக வேணும்.

ஊருக்கு வந்ததும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஒரு வேடிக்கை செய்தார்கள். 'கிம்ப்' என்பது காசில்லாத மென்பொருள். நீளப் படத்தைச் சதுரமாக நெருக்கி, தலைகீழாகத் திருப்பி, 'போலார் கோஆர்டினேட்ஸ்' கொடுத்தால் தரை நடுவில் உருண்டு, வானம் வெளியே சுற்றி நிற்கும். துறைமுகம் ஒரு குட்டி உலகம் ஆகிவிட்டது! தலைகீழாகத் திருப்பாமல் செய்தால் கிணற்றுக்குள் இருந்து வானம் பார்ப்பது போல வரும். படத்தின் இரண்டு நுனியும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் கோடு விழும். அதனால் முழுச் சுற்றுப் படம்தான் நல்லது.

இனி நாங்கள் விட்ட பிழையையும் சொல்ல வேணும். ஒரு மழைக்காலத்தில் லயத்துப் பின்சுவர் வெடித்தது. ஆறு காம்பராவும் ஒரே படத்தில் வரட்டும் என்று பனோரமா எடுத்து, வெளிச்சமும் கூட்டி, ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். நேரான லயம் வில்லாக வளைந்திருந்தது. கூரைத் தகரமும் ஓரிடத்தில் விலகித் தெரிந்தது. "இது செய்த படம்" என்று ஒதுக்கிவிட்டார்கள். வெடிப்பு உண்மை, படம்தான் பொய்யாகிப் போச்சு. திரும்ப ஒவ்வொரு காம்பராவாக எடுத்து அனுப்பி ஆள் வருவதற்குள் இரண்டு மாதம். அதுவரை அந்தக் குடும்பங்கள் பயந்து பயந்துதான் படுத்தன. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஆகவே பிள்ளைகளே, விளையாட்டுப் படம் வேறு, சாட்சிப் படம் வேறு. கடலை உருட்டுங்கள், மலையை வளையுங்கள். ஆனால் முதலில் எடுத்த படத்தை அழிக்காமல் தனியாக வையுங்கள். சுவர் வெடித்தால் தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் அடிமட்டம் வைத்து ஒன்று எடுத்து, எதையும் மாற்றாமல் திகதியோடு கொண்டுவாருங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.