விவேக நகரமும் ஊராட்சி மன்றத்தின் வரவு செலவும்



‘விவேக நகரம்’ என்னும் சொல் அண்மைக் காலமாக நம் செவிகளில் அடிக்கடி விழுகின்றது. ஆள் நடமாட்டம் அறிந்து ஒளிரும் தெருவிளக்கு, கைப்பேசி வழியே கட்டணம் செலுத்தும் வாகன நிறுத்துமிடம், ஆற்றில் நீர் உயர்வதை முன்னறிவிக்கும் கருவி ஆகியன இத்தகைய நகரத்தின் அடையாளங்கள். நம் அரசாங்கமும் 2019-ஆம் ஆண்டில் மலேசிய விவேக நகரக் கட்டமைப்பு என்னும் வழிகாட்டியை வெளியிட்டது.

இவை பட்டணத்தாருக்கு உரியவை, தோட்டத்து மக்களுக்கு இவற்றால் ஆவதென்ன என்று நம்மிற் சிலர் கருதலாம். அது பொருந்தாது. நம் பிள்ளைகள் பலர் பட்டணங்களில் வீடு வாங்கிக் குடியேறியுள்ளனர். நம்மவர்களும் ஓய்வு பெற்றபின் வீடமைப்புப் பகுதிகளை நாடிச் செல்கின்றனர். அங்கே வீடு உடையவர் யாவரும் ஊராட்சி மன்றத்திற்கு மதிப்பீட்டு வரி செலுத்தக் கடமைப்பட்டவர். எனவே, இக்கருவிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது, அவை பழுதுற்ற நாளில் யார் செலவை ஏற்பர் என்னும் இரு வினாக்களும் நம்முடையனவே.

கருவியை வாங்குவது ஒரு நாள் செலவு. அதனைப் பேணுவதோ ஆண்டுதோறும் தொடரும் செலவு. அரசாங்க மானியத்தால் கருவி வந்துவிடலாம். பின்னர் மின்கட்டணமும் பழுதுபார்க்கும் கூலியும் மன்றத்தின் தலையிலேயே விழும். இதற்கு வழிகண்ட நகரம் ஒன்றையும், வழிதவறிய நகரம் ஒன்றையும் நாம் காண்போம். இரண்டும் அமெரிக்க நாட்டில் உள்ளவை.

முதலாவது, லாஸ் ஏஞ்சல்ஸ். 2009-ஆம் ஆண்டில் அந்நகரம் தன் பழைய தெருவிளக்குகளை நீக்கி, குறைந்த மின்சாரத்தில் எரியும் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தத் தொடங்கியது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 1,40,000 விளக்குகள் மாற்றப்பட்டன. செலவு சுமார் 5 கோடியே 70 இலட்சம் டாலர். அதன் பெரும்பகுதி கடன். மின்சாரச் செலவு 60 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. மிச்சப்பட்ட அப்பணத்தைக் கொண்டே ஏழாண்டுகளில் கடனை அடைப்பது என்பது திட்டம். மக்கள்மீது புதிய வரி சுமத்தாமலே விளக்குகள் வந்தன. சேமிப்பிலிருந்து கடன் தீர்க்கும் இம்முறை எந்த ஊராட்சி மன்றத்திற்கும் ஏற்றது.

எனினும், அந்நகரம் மற்றொரு பாடத்தையும் நமக்குத் தருகின்றது. அங்கே தெருவிளக்குப் பராமரிப்புக்காக வசூலிக்கப்படும் கட்டணம் 1996-ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் உயர்த்தப்படாமலே இருந்தது. பிற்காலத்தில் செம்புக் கம்பித் திருட்டு மிகுந்தபோது, பழுதுற்ற விளக்குகளை உடனுக்குடன் சீர்செய்யப் போதிய நிதியில்லை. மக்கள் இருளில் காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாவது, சிகாகோ. 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நகர மன்றம், சுமார் 36,000 வாகன நிறுத்துமிடங்களின் கட்டண வருவாயை 75 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் ஒப்படைத்தது. அதற்கெனப் பெற்ற தொகை ஏறத்தாழ 115 கோடி டாலர். ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே மன்றம் அதற்கு இசைவளித்தது. நன்கு ஆராய அவகாசமில்லை. பல இடங்களில் மணிக்கு 25 காசாக இருந்த கட்டணம் 2009-இல் ஒரு டாலராயிற்று. அவ்வுரிமையின் உண்மை மதிப்பு இன்னும் ஏறத்தாழ 97 கோடி டாலர் மிகுதி என்று அந்நகரத்தின் தலைமை ஆய்வாளரே அவ்வாண்டில் அறிக்கை வெளியிட்டார். பெற்ற பணத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே செலவாகிவிட்டது. ஒப்பந்தமோ 2083-ஆம் ஆண்டு வரை நீடிக்கும். ஒரு தெருவை மூடினாற்கூட நகரம் இழப்பீடு தர வேண்டும்.

பால் வெட்டும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. பட்டை முழுவதையும் ஒரே ஆண்டில் சீவிவிட்டால் அவ்வாண்டு பால் பெருகும். பின்னர் வெட்டுதற்குப் பட்டை இராது. சிகாகோ செய்தது அதுவே.

மேலும், மரம் முதிர்ந்தபின் மறுநடவு செய்தாக வேண்டும் என்பதையும் நாம் அறிவோம். அதற்கெனவே 1952-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ரப்பர் மறுநடவு நிதி சட்டப்படி அமைக்கப்பட்டு, ஏற்றுமதி ரப்பர்மீது தீர்வை வசூலிக்கப்பட்டது. பால் தரும் காலத்திலேயே அடுத்த மரத்திற்குப் பணம் சேர்க்கும் முறை அது. விவேகக் கருவிகளுக்கும் அதுவே முறை. பத்தாண்டு உழைக்கும் விளக்கானால், அதன் விலையில் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் தனியே ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

இனி நம் உரிமையைப் பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படியே மதிப்பீட்டு வரி விதிக்கப்படுகின்றது. வீட்டின் மதிப்பு உயர்த்தப்படும்போது, அதனை ஏற்காதவர் குறித்த காலத்திற்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்றும் அச்சட்டம் கூறுகின்றது.

ஆதலால், புதிய கருவி வருகின்றது என்னும் செய்தி கேட்டால் நாம் மகிழ்வோம்; அத்துடன் வினவவும் செய்வோம். இதனால் மிச்சமாவது எவ்வளவு? பேணும் செலவு எவ்வளவு? ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகள்? பழையது தேய்ந்தபின் புதியது வாங்க நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா? இவற்றிற்கு விடை கூறவல்ல மன்றத்திற்கு நாம் உரிய காலத்தில் வரி செலுத்தி ஒத்துழைப்போம். வரி பாக்கி வைத்துவிட்டு விளக்கு எரியவில்லை எனக் குறை கூறுதலும் முறையன்று. மன்றம் கணக்கைக் காட்டவும் மக்கள் கடமையைச் செலுத்தவும் முன்வரின், நம் பிள்ளைகள் வாழும் தெருக்கள் இருள்படா.