கைநாட்டும் கைப்பேசியும்

(நெய்க்காரப்பட்டியில் நடைபெற்ற சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஏறுகின்றவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசிய நண்பர்கள் அதனைச் செவ்வனே செய்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் பாடுபட்டுப் பெற்ற சான்றிதழ்களையும், அவர்களுடைய முகத்தையும் பெயரையும் இணையத்தில் திருடிப் பிழைக்கின்ற கூட்டத்தைப் பற்றி நான் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் கணினி வல்லுநன் அல்லன். கரும்பலகையின் முன் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்ற ஆசிரியன். ஆயினும், என் உறவுக்குள்ளேயே நிகழ்ந்த ஒன்று என்னைப் பேசத் தூண்டுகின்றது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். வாட்ஸ்அப்பில் அவள் வைத்திருந்த முகப்படத்தை எவனோ எடுத்து, வேறொரு உடலோடு ஒட்டி, அவளுடைய பெயரிலேயே பொய்க் கணக்கு ஒன்றையும் தொடங்கி, 5,000 ரூபாய் அனுப்பாவிட்டால் ஊராருக்கெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டினான். அவள் எவரிடமும் சொல்லவில்லை. காதில் கிடந்த கம்மலை அடகு வைத்துப் பணம் அனுப்பினாள். அடுத்த வாரம் 10,000 கேட்டான். இனிக் கழற்ற ஒன்றும் இல்லை என்ற நிலையில்தான் தாயிடம் அழுதாள்.

பிறகு நாங்கள் செய்தது என்ன? அதனைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கின்றது. முதலில் அவளுடைய கைப்பேசியைப் பிடுங்கினோம். இரண்டாவதாக, படிப்பு போதும் என்றோம். மூன்றாவதாக, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினோம். குற்றம் செய்தவன் முகம் தெரியாத எவனோ. தண்டனை விதித்தவர்கள் நாங்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். மூன்று வாரங்கள் கழித்து, அவளுடைய தோழி ஒருத்தி வந்து சண்டையிட்ட பின்னரே புகார் கொடுத்தோம். பொய்க் கணக்கு முடக்கப்பட்டது. அவள் கல்லூரிக்குத் திரும்பினாள். ஆனால், அந்தப் பருவத் தேர்வு போயிற்று.

மிரட்டுகின்றவனுடைய முதலீடு அந்தப் படம் அன்று; நம்முடைய வெட்கமே அவனுடைய முதலீடு. வீட்டார் நம்மை அடிப்பார்கள், படிப்பை நிறுத்துவார்கள் என்று பிள்ளை அஞ்சுகின்ற வரையில் அவன் கேட்ட பணம் அவனுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். சேலம் மாவட்டத்தில் 2016ஆம் ஆண்டு, முகநூலில் வெளியான இத்தகைய பொய்ப்படங்களால் ஒரு பட்டதாரிப் பெண் உயிரையே மாய்த்துக்கொண்டார். பெற்றோரே என்னை நம்பவில்லையே என்பதுதான் அவர் எழுதி வைத்துச் சென்ற வேதனை. பெற்றோர்களே, இதனை உங்கள் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு இது புதிய ஆபத்தாகத் தோன்றலாம். நம் பாட்டன்மார்களுக்கோ பழகிப்போன ஒன்று. 1891ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர் நம் மக்களின் அவலத்தைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் பிறந்த ஆணையால் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு அன்றிப் பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும் பகுதி இன்று யார் கையில் இருக்கின்றது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தறியாத கைகள் வெற்றுத் தாளில் உருட்டிய பெருவிரல் ரேகை எத்தனை ஏக்கரை விழுங்கிற்று! கையெழுத்துப் போடக் கற்றுவிட்டால் இந்தக் கொடுமை ஒழியும் என்றுதான் இத்தகைய சங்கங்களே தோன்றின.

கற்றுவிட்டோம். ஆனால் பெருவிரல் ரேகை நம்மை விடவில்லை. 2018ஆம் ஆண்டு தெலங்கானாவில் சிம் அட்டை விற்ற ஒருவன், பதிவுத்துறையின் இணையத்தளத்தில் இருந்த நிலப் பத்திரங்களிலிருந்து மக்களுடைய ரேகைகளை எடுத்து, ரப்பர் முத்திரை செய்வதுபோல் அச்செடுத்து, ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளை அவர்கள் பெயரில் இயக்கினான். பின்னர் இதே வகையில் போலி ரேகையால் ஆதார் வழியே வங்கிப் பணத்தை எடுத்த கும்பல்களும் பல மாநிலங்களில் பிடிபட்டன. ஓடிபி வராது, அட்டை தேவையில்லை. ரேகையும் ஆதார் எண்ணும் போதும். நூறு நாள் வேலைக் கூலியும், முதியோர் உதவித்தொகையும் அப்படியே போய்விடும். இதற்கு மாற்று உண்டு. ஆதார் ஆணையத்தின் செயலியில் உங்கள் ரேகையைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்பொழுது திறந்து, மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். அடையாளத்துக்காக நகல் கேட்பவர்களிடம், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகின்ற ஆதார் நகலைக் கொடுக்கலாம். நகல் எடுக்கும் கடையில் கைப்பேசிக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லி, நம் சாதிச் சான்றிதழையும் வங்கிப் புத்தகத்தையும் அங்கேயே விட்டு வருகின்றோமே, அது பட்டாவைச் சந்தையில் விட்டு வருவதற்குச் சமம்.

சாதிச் சான்றிதழை யார் திருடப்போகின்றார்கள் என்று கேட்கிறீர்களா? இமாசலப் பிரதேசத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகையைத் தனியார் நிறுவனங்கள் சில கொள்ளையிட்டன. 2019இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது. மாணவர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயரில் வங்கிக் கணக்குகள் தொடங்கப்பட்டிருந்தன. வெறும் நான்கு கைப்பேசி எண்களோடு இணைத்த கணக்குகளின் வழியாக 19,915 மாணவர்களின் தொகை போயிற்று என்பது அம்மாநில அரசின் விசாரணையிலேயே வெளிப்பட்டது. அண்ணல் அம்பேத்கர் போராடிப் பெற்றுத் தந்த உரிமைப் பணம், நம் பிள்ளையின் பெயரைச் சொல்லியே நம் பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை!

தமிழகத்திலும் 2024இல் கோவையில் ஒரு கும்பல் பிடிபட்டது. கல்வித் துறையிலிருந்து பேசுகின்றோம், உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கின்றது என்று பெற்றோரை அழைத்து, வாட்ஸ்அப்பில் கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்பிப் பணத்தைப் பறித்தார்கள். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: பணம் பெறுவதற்குக் கியூஆர் குறியீட்டைப் பதிய வேண்டியதில்லை, இரகசிய எண்ணை அழுத்த வேண்டியதும் இல்லை. அவையெல்லாம் பணம் கொடுப்பதற்கு மட்டுமே.

கடன் செயலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரும்பு வெட்டுக்கு முன்பணம் கொடுத்தவன், கணக்குத் தீராவிட்டால் நம் வாசலில் வந்து கத்துவான். ஊர் கேட்கும், அவன் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். கைப்பேசியில் 3,000 ரூபாய் கொடுக்கின்ற செயலியோ, கடன் கொடுக்குமுன்னே நம் கைப்பேசியில் உள்ள படங்களையும் தொடர்பு எண்களையும் வாரிக்கொள்கின்றது. தவணை தவறினால், ஏன், தவறாமல் கட்டினாலும், ஒட்டு வேலை செய்த படங்கள் அத்தை, மாமன், ஆசிரியர் என்று எல்லோருக்கும் போகின்றன. ரிசர்வ் வங்கியின் குழு 2021இல் ஆராய்ந்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை எனக் கண்டது. 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் நம் படங்களையும் தொடர்புப் பட்டியலையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்தது. ஆகவே, படங்களைப் பார்க்க அனுமதி கேட்கின்ற கடன் செயலி எதுவாயினும் அது திருட்டுச் செயலி என்று அறிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் தளத்தில் முறையான செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் இருக்கின்றது, பார்த்துக்கொள்ளலாம்.

சரி, படம் வெளியே போய்விட்டது, மிரட்டல் வந்துவிட்டது. என்ன செய்வது? பணம் அனுப்பாதீர்கள். அனுப்பியவனை அவன் விடமாட்டான். என் உறவுப் பெண்ணின் கம்மலே அதற்குச் சான்று. அச்சத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சாட்சியம். திரையைப் படமெடுத்து, அவனுடைய எண், கணக்குப் பெயர், பணம் கேட்ட யுபிஐ முகவரி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்; அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் போயிருந்தால், முதல் மணி நேரத்திலேயே அழைத்தால் அதனைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு மிகுதி. அந்தரங்கப் படங்களையும், ஒட்டு வேலை செய்த படங்களையும் புகார் கிடைத்த 24 மணி நேரத்திற்குள் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டன. ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்றொரு தளமும் உண்டு. அங்கே படத்தை அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கைப்பேசியே அந்தப் படத்திலிருந்து ஒரு குறியெண்ணை உருவாக்கும். அந்த எண் மட்டும் போகும். அதைக் கொண்டு முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவை அப்படத்தைத் தடுத்துவிடும். தங்கைகள் இதனை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் நம்மை எப்படி நடத்துவார்கள் என்ற அச்சம் எனக்கும் தெரியும். அது பொய்யான அச்சமும் அன்று. 2025 ஜூலையில், தம் அந்தரங்கப் படங்கள் பரப்பப்பட்ட ஒரு பெண் வழக்கறிஞர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். 48 மணி நேரத்திற்குள் அவற்றை நீக்குமாறு மத்திய அமைச்சகத்துக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஆணையிட்டார். முதல் தகவல் அறிக்கையில் அப்பெண்ணின் பெயர் இருந்ததையும், ஆண் காவலர்கள் சூழ அந்தப் படத்தைப் பார்க்க வைத்ததையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். சட்டம் அறிந்த வழக்கறிஞருக்கே இந்த நிலை என்றால், நம் பெண் தனியாகச் சென்றால் என்ன ஆகும்? எனவே தனியாக அனுப்பாதீர்கள். சங்கத்தின் உறுப்பினர் இருவர், அவர்களில் ஒருவர் பெண், உடன் செல்லட்டும்.

இன்னொன்றும் உண்டு. படத்தோடு சாதிப் பெயரையும் சேர்த்து இழிவுபடுத்தினால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும். இணையத்தில் பேசியது பொது இடத்தில் பேசியது ஆகாது என்ற வாதத்தைக் கேரள உயர்நீதிமன்றம் 2022இல் தள்ளிவிட்டது. புகார் எழுதும்போது இதனை விட்டுவிடாதீர்கள்.

தம்பிகளுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் வங்கிக் கணக்கை ஒரு மாதம் கொடு, இரண்டாயிரம் தருகின்றோம் என்று பழனிப் பேருந்து நிலையத்தில் எவனாவது கேட்டால் ஒப்பாதீர்கள். எங்கோ ஒரு பெண்ணை மிரட்டிய பணம் உங்கள் கணக்கில் வந்து விழும். காவலர் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகின்ற பிள்ளைக்கு ஒரு குற்ற வழக்கு என்ன செய்யும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் ஓடுகின்றன என்பதைச் சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் இன்றே பாருங்கள். சென்ற மாதம் நான் பார்த்தேன். நான் வாங்காத எண் ஒன்று என் பெயரில் இருந்தது! எழுபது வயதுக் கிழவனின் பெயர்கூடத் தேவைப்படுகின்றது பாருங்கள்.

உணவு இடைவேளைக்கு மணி அடித்துவிட்டார்கள். ரேகையைப் பூட்டும் முறையை நேரில் கண்டுகொள்ள விரும்புகின்றவர்கள், உணவுக்குப் பின் படிப்பகத்திற்கு வாருங்கள். ஆதாரோடு இணைத்த கைப்பேசியை மறவாமல் கொண்டு வாருங்கள். அந்தப் பெண்ணே அங்கே அமர்ந்து ஒவ்வொருவருக்கும் செய்து கொடுப்பாள். இறுதியாண்டுத் தேர்வு முடிந்து நேற்றுத்தான் ஊருக்கு வந்திருக்கின்றாள்.