ரயிலில் நஷ்டம் என்கிறார்கள், யாருக்கு நஷ்டம்?

(காரைக்குடியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஆற்றிய உரை)



ரயில்வே நிர்வாகம் 2016-ல் ஒரு காரியம் செய்தது. டிக்கெட்டிலேயே ஒரு வாசகத்தை அச்சடித்தது. பிரயாணச் செலவில் நூற்றுக்கு 57 பங்கைத்தான் ரயில்வே வசூலிக்கிறதாம். மீதி 43 பங்கை நாட்டின் சாதாரணக் குடிமக்கள் சுமக்கிறார்களாம். கையில் காசைக் கொடுத்து டிக்கெட் வாங்கினவனிடமே, "உனக்கு நாங்கள் பிச்சை போடுகிறோம், தெரிந்துகொள்" என்று சொல்லுகிற மாதிரி அல்லவா இது? அந்தச் சாதாரணக் குடிமகன் யார்? தீப்பெட்டிக்குக்கூட வரி கொடுத்துவிட்டு அதே வண்டியில் நின்றுகொண்டே போகிறவன்தான்.

பிறகு மந்திரியும் கணக்குச் சொன்னார். 2022-23-ல் பிரயாணிகளுக்கு 56,993 கோடி ரூபாய் மானியம், ஒவ்வொருவருக்கும் சராசரி 46 சதவீதச் சலுகை என்றார். பெரிய தொகைதான், நாம் மறுக்கவில்லை. இந்தப் பணம் தண்டமா, இல்லையா என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

எங்கோ உள்ள ரயிலைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து கண்டனூர் புதுவயல், அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகத் திருவாரூர் போகிற பாதையையே எடுத்துக்கொள்வோம். இதன் பழைய பகுதியைப் போட்டது யார்? தஞ்சாவூர் ஜில்லா போர்டு. 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வண்டி விட்டார்கள். பிறகு அறந்தாங்கி வரை நீட்டினார்கள். அதற்குப் பணம், நிலத்தின் மேல் தனியாக ஒரு செஸ் விதித்து வசூலித்த பணம். மிராசுதார் கட்டினார் என்று ஏட்டில் இருக்கும். அவருடைய வயலில் சேற்றில் நின்ற பண்ணையாள் யார் என்று ஏட்டில் இராது. ஆகவே இந்தத் தண்டவாளம் ஜனங்கள் பணத்தில் பிறந்தது. இன்று புதிதாக யாரும் நமக்குச் சலுகை தரவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் கம்பெனிகளுக்கு 1849 முதல் உத்தரவாதம் கொடுத்தார்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் போட்ட மூலதனத்துக்கு நூற்றுக்கு 5 வட்டி. குறைந்தால் இந்திய கஜானாவிலிருந்து ஈடுகட்டுவது. லண்டனில் உட்கார்ந்திருந்த பங்குதாரனுக்கு இந்த நாட்டுக் குடியானவன் வருஷக்கணக்கில் பணம் கட்டினான். அதற்குப் பெயர் மானியம் என்று எவரும் டிக்கெட்டில் அச்சடிக்கவில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம். மீட்டர் கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் இவ்வழியாகச் சென்னைக்குப் போனது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அகலப் பாதை போடுகிறோம் என்று 2012-ல் இந்தப் பாதையை நிறுத்தினார்கள். அகலப் பாதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, வேண்டும் என்றுதான் கேட்டோம். ஆனால் திருவாரூர் வரை முழுசாக வண்டி ஓட 2019 ஜூன் ஆயிற்று. ஏழு வருஷம்! ஏழு வருஷத்தில் ஜனங்கள் வேறு வழி தேடிக்கொள்ளாமல் ரயில் வருகிற திசையையே பார்த்துக்கொண்டா இருப்பார்கள்?

வந்த வண்டியாவது ஒழுங்காக வந்ததா? ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறு மணி நேரம். மணிக்கு 25 கிலோமீட்டர். எஞ்சினில் கோளாறு இல்லை, தண்டவாளமும் புதுசு. கேட்டுகளில் ஆள் இல்லை, அவ்வளவுதான். கேட்கீப்பரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட் வருகிற இடத்தில் வண்டி நிற்கும்; முன்னால் இருப்பவர் இறங்கி ஓடிக் கேட்டை மூடுவார்; வண்டி மெல்லக் கடந்து மறுபடி நிற்கும்; பின்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடியும் இதே கூத்து. வழி நெடுக எத்தனை கேட்டு! கோடி கோடியாகக் கொட்டிப் பாதை போட்ட சர்க்காருக்கு, கேட்டுக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. வேலையில்லாத வாலிபர்கள் அதே கேட்டுக்குப் பக்கத்தில் நின்று இந்த வேடிக்கையைப் பார்த்தார்கள்.

பின்னால் படிப்படியாக ஆள் போட்டார்கள், நேரமும் குறைந்தது. ஆள் போட்டால் குறையும் என்பது முதல் நாளே தெரியாதா?

தோழர்களே, 'நஷ்டம்' எப்படித் தயாராகிறது என்பதை இங்கே பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் வண்டியை நிறுத்து. வருஷக்கணக்கில் இழு. பிறகு காலையில் புறப்பட்டுப் பிற்பகலில் சேருகிற மாதிரி ஒரு வண்டியை விடு. ஷிப்டுக்குப் போகிறவனுக்கும் உதவாது, நடவுக்குப் போகிற பெண்ணுக்கும் உதவாது. அதற்கப்புறம் டிக்கெட்டை எண்ணிப் பார்த்து, "பார், ஜனங்கள் ஏறவில்லை" என்று எழுது.

கொரோனா காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. 2020-ல் நின்ற பாசஞ்சர் வண்டிகள் திரும்ப வந்தபோது பெரும்பாலானவை எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் வந்தன. அதே பெட்டி, அதே ஸ்டேஷன்கள். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாய்க்குப் பதில் 30 ரூபாய். அடுத்த ஸ்டேஷனுக்குப் போய் வர 60 ரூபாய் கொடுத்தால் கூலியில் மிஞ்சுவது என்ன? 2024 பிப்ரவரியில், பார்லிமெண்ட் தேர்தல் நெருங்கிய நேரத்தில், பழைய கட்டணம் திரும்பியது. முதியவர்களுக்கு இருந்த சலுகையையும் 2020 மார்ச்சில் எடுத்தார்கள். அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டபோதுதான், மேலே சொன்ன மானியக் கணக்கை எடுத்து நீட்டினார்கள்.

அந்தக் கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரே தண்டவாளத்தில் நிலக்கரி வண்டியும் போகிறது, நாமும் போகிறோம். சிக்னல், பாலம், பென்ஷன் ஆகியவற்றில் எவ்வளவு சரக்குக்கு, எவ்வளவு பிரயாணிக்கு என்று பங்கு பிரிக்கிறவர் அதிகாரி. பங்கை மாற்றிப் போட்டால் நஷ்டமும் மாறும். அதோடு, ரயில் இருப்பதால் தூரத்து மில்லில் வேலை கிடைத்தவனின் கூலி இந்தக் கணக்கில் இல்லை. கல்லூரிக்குப் போக முடிந்த பெண்ணின் படிப்பும் இல்லை. நம் கண்மாய்க்கு மராமத்துச் செய்கிறோமே, கண்மாயா டிக்கெட் விற்றுப் பணத்தைத் திருப்பித் தருகிறது? பாய்ந்த வயலைப் போய்ப் பார்த்தால்தான் கணக்குத் தெரியும்.

சர்க்காரிடம் பணம் இல்லை என்பார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். இதனால் ஒரு வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி வருமானம் போகும் என்று சர்க்காரே சொன்னது. நாடு முழுவதும் கோடிக்கணக்கான ஜனங்கள் ஏறுகிற ரயிலுக்கு அதில் பாதிகூட ஆகவில்லை. அது 'ஊக்கம்', இது 'நஷ்டம்'! காளையார்கோவிலிலும் கமுதக்குடியிலும் இருந்த தேசிய பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 ஊரடங்கில் நின்று, ஆண்டுக்கணக்காகத் திறக்காமல் கிடந்த கதை மில் தோழர்களுக்குத் தெரியும். நடைமுறை மூலதனம் இல்லை என்ற பல்லவியை அங்கேயும் கேட்டோம்.

தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடுமா? 2020 ஜூலையில் 109 தடங்களில் 151 வண்டிகளைத் தனியாருக்கு விடுகிறோம் என்று அறிவித்தார்கள். 12 தொகுப்புகளில் மூன்றுக்குத்தான் 2021-ல் டெண்டர் வந்தது. கேட்டவர்கள் இரண்டே பேர், அதிலும் ஒருவர் ரயில்வேயின் சொந்தக் கம்பெனி. திட்டமே விழுந்தது. பெரிய நகரத் தடங்களுக்கே முன்வராத முதலாளி, வளரமாணிக்கத்திலும் பெரியகோட்டையிலும் நின்று போகிற வண்டியையா எடுத்து நடத்துவான்? இங்கிலாந்தில் 1990-களில் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கட்டணமும் ஏறியது, சர்க்கார் மானியமும் நிற்கவில்லை. கடைசியில் 2024-ல் சட்டம் போட்டு, ஒப்பந்தம் முடிய முடியப் பிரயாணி வண்டிகளைப் பொதுத்துறைக்கே திருப்பத் தொடங்கினார்கள்.

நமக்கு வெளிநாட்டு அத்தாட்சி வேண்டியதுகூட இல்லை. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சர்க்கார் பணம் கொடுக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கிற சகோதரிகளைக் கேட்டால் சொல்வார்கள், மாதக் கடைசியில் வீட்டில் என்ன மாறியது என்று. பஸ்ஸுக்கு நியாயமானது ரயிலுக்கு ஏன் ஆகாது?

நாம் கேட்பது இவ்வளவுதான். திருவாரூர்ப் பாதையிலும், மானாமதுரை, திருச்சிப் பாதையிலும் வேலைக்குப் போகிற நேரத்துக்கும் திரும்புகிற நேரத்துக்கும் சாதாரணக் கட்டண வண்டிகள். எல்லாக் கேட்டிலும் நிரந்தர ஆள். முதியோர் சலுகை. இதற்கான பணம் பட்ஜெட்டில் தனியாகக் காட்டப்பட வேண்டும்.

மனுத்தாள்கள் மேடைக்குப் பக்கத்து மேஜையில் இருக்கின்றன. கையெழுத்துப் போடுகிறவர்கள், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு வண்டி வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் வாலிபத் தோழர்கள் எழுதிக் கொடுப்பார்கள். புதுவயல் அரிசி மில் தோழர்கள் இரவு ஷிப்ட் முடிகிற நேரத்தை மறக்காமல் குறிப்பிட வேண்டும்.